விறகுக்கு மெஷின் வாள்: வீட்டுக்கு ஒன்றா, லயத்துக்கு ஒன்றா?



தோட்டக் கமிட்டிக் கூட்டங்களுக்குப் போகும் இடமெல்லாம் இப்போது ஒரு சத்தம் காதில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக் கோடியில் மெஷின் வாள் உறுமுகிறது. கடைக்காரர் அதைச் செயின்சோ என்கிறார். நம் பிள்ளைகள் மெஷின் வாள் என்கிறார்கள், சிலர் வெறுமனே "மெஷின்" என்கிறார்கள். முன்பு தோட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ இருந்த சாமான். அதுவும் மரம் வெட்ட வரும் கொந்தராத்துக்காரரிடம்தான் இருக்கும். இன்று சில லயங்களில் மூன்று வீட்டில் மூன்று மெஷின் இருக்கிறது.

ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,675 ரூபாவுக்கு ஏறியது. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபா. அன்று நமது நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் வரிசையில் நிற்க வேண்டும். ஆசையாகக் கேஸ் அடுப்பு வாங்கிய வீடுகளும் அந்த வருடத்தோடு விறகு அடுப்புக்குத் திரும்பிவிட்டன. விறகு என்றால் அது பெண்கள் தலையில்தான் வந்து நிற்கும். மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு மலையேறி, கட்டித் தூக்கி, இருட்டு முன் லயத்துக்கு வந்து, வெட்டிப் பிளந்து, பிறகு அடுப்பு மூட்டுவது. அந்தச் சுமையில் பாதியை ஒரு மெஷின் குறைக்கும் என்றால் அதை வேண்டாம் என்று சொல்ல இந்தச் சங்கத்துக்கு வாய் வராது.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த ஓர் இளைஞனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தவணைக்கு மெஷின் வாங்கினான். வீட்டு விறகுக்கென்றுதான் வாங்கினான். மாதத் தவணை கட்ட வேண்டுமே, அதற்காக வெளியே மரம் தறிக்கும் ஒருவரிடம் நாட்கூலிக்குப் போனான். சாரமும் இறப்பர் செருப்பும்தான் உடுப்பு. மூன்றாவது வாரம் வாள் எகிறி முழங்காலுக்கு மேலே இறங்கியது. கூலிக்கு அழைத்தவர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "உன் மெஷின், உன் கால்" என்று சொல்லிவிட்டுப் போனார். தவணை மட்டும் இன்னும் நடக்கிறது. அவனுடைய தாய்தான் கட்டுகிறார்.

ஆகவே இந்த இதழில் மெஷினைப் பற்றியே எழுதுகிறோம். எதை வாங்குவது, எப்படி வைத்திருப்பது என்று சொல்லுமுன் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். வீட்டு விறகுக்கு வீட்டுக்கு ஒரு மெஷின் தேவையில்லை. லயத்துக்கு ஒன்று போதும்.

கணக்கு எளிது. ஒரு சின்ன மெஷினின் டாங்கியில் கால் லீற்றர் அளவு பெற்றோல் பிடிக்கும். அது இருபது நிமிடம், கொஞ்சம் கூட ஓடும். கட்டையை ஒழுங்காக அடுக்கிவைத்துக்கொண்டால் அந்த இருபது நிமிடத்தில் ஒரு குடும்பத்துக்குப் பல கிழமைக்கான விறகைத் துண்டு போட்டுவிடலாம். மிச்ச நாளெல்லாம் மெஷின் மூலையில் கிடக்கும். இந்த மெஷினுக்கு உழைப்பதைவிடச் சும்மா கிடப்பதுதான் கூடாது. டாங்கியில் விட்ட பெற்றோல் ஒரு மாதத்தில் கெடத் தொடங்கும், கார்பரேட்டருக்குள் பிசினாக உறையும், இறப்பர்க் குழாய் இறுகும். அடுத்தமுறை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். பத்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் அது மாதாமாதம் ஓடும், கெடாது. பத்துப் பேர் சீட்டுப் போட்டு வாங்கலாம், நுண்கடன்காரர் வாசலுக்கு வர வேண்டியதில்லை. மட்டமான மெஷின் வாங்கும் காசில் கொஞ்சம் கூடப் போட்டு நல்லதாகவே வாங்கலாம்.

அப்படி வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரியதைக் கேட்காதீர்கள். பெரிய மெஷின் பெரிய மரம் தறிக்கிறவருக்கு. நமக்கு வேண்டியது விழுந்த கட்டையை, வெட்டிய கொப்பைத் துண்டு போட. 35 முதல் 45 சி.சி. என்ஜின், 14 அல்லது 16 அங்குலப் பார் போதும். எடை நாலரை, ஐந்து கிலோவுக்குள் இருந்தால் நல்லது. மலைச்சரிவில் அரை மணித்தியாலம் பிடித்துப் பார்த்தவருக்கு ஒரு கிலோவின் அருமை தெரியும். பெட்டியில் 52, 58 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் இலக்கத்தை நம்பி வாங்காதீர்கள். பல பெட்டிகளில் அது விற்பதற்காகப் போட்ட இலக்கம், உள்ளே இருப்பது வேறு.

கடையில் வைத்தே பார்க்க வேண்டியவை சில. முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். அதை முன்னுக்குத் தள்ளினால் சங்கிலி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அதுதான் செயின் பிரேக். வாளின் மூக்கு எகிறும்போது உயிரைக் காப்பாற்றுவது அதுதான். ஓடவிட்டுத் தள்ளிப் பாருங்கள். நிற்காவிட்டால் இனாமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். எக்ஸிலேட்டரை விட்டதும் என்ஜின் ஓட வேண்டும், சங்கிலி ஓடக்கூடாது. ஓடினால் ஐட்லிங் சரியில்லை, அல்லது கிளச் போய்விட்டது. கடைசியாக, இந்த மெஷினுக்குச் சங்கிலி, பிளக், எயார் பில்டர் ஆகியவை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ உங்கள் பக்கத்து டவுனில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கொழும்புக்கு ஆளனுப்பித்தான் ஒரு பிளக் வாங்க வேண்டுமென்றால் அந்த மெஷின் ஆறு மாதத்தில் கோழிக்கூண்டுக்குள் போய்விடும். ஸ்டீல், ஹஸ்க்வர்னா போன்ற பழைய கம்பனிகளின் மெஷினுக்கு விலை கூட. அவற்றுக்குச் சாமானும் திருத்தத் தெரிந்த பாஸும் இருப்பதால்தான் அந்த விலை. ஆனால் பேரை மட்டும் ஒட்டி விற்கும் போலியும் இருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். பற்றுச்சீட்டுக்கு வேறு தேவையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறோம்.

இனிப் பராமரிப்பு. மெஷின் கெடுவதில் முக்கால்வாசி பெற்றோலில்தான். இது டூ ஸ்ட்ரோக் என்ஜின், வெறும் பெற்றோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துவிடும். புத்தகத்தில் 50க்கு 1 என்று போட்டிருந்தால் ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் டூ-டி ஒயில். 25க்கு 1 என்றால் 200. மலிவு மெஷின்களுக்குப் பெரும்பாலும் 25க்கு 1 என்றே போட்டிருக்கும். "பழைய திரீவீலுக்கு ஊற்றிய மாதிரி கண்ணளவில்" ஊற்றுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மருந்துக் கடையில் பாணிக்குத் தரும் அளவுக் கிண்ணம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கலவையைத் தனிக் கேனில் குலுக்கிக் கலந்து பிறகு டாங்கியில் ஊற்றுங்கள். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலவுங்கள். வேலை முடிந்து நாட்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் டாங்கியைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

அந்தக் கேன் எங்கே இருக்கும் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. லயம் என்பது ஒரே கூரை. ஒரு காம்பராவில் பற்றிய தீ பத்துக் காம்பராவை, இருபது காம்பராவை எடுத்துக்கொண்டு போனதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்! பிள்ளைகளின் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், சேமித்த நகை எல்லாம் ஒரே இரவில் சாம்பல். பெற்றோல் கேனும் மெஷினும் லயத்துக்குள், அடுப்புள்ள கூரைக்குக் கீழ், ஒரு இரவுகூட இருக்கக்கூடாது. தள்ளி ஒரு சின்னப் பெட்டிக் கொட்டகை போடுங்கள், பூட்டுப் போடுங்கள். பெற்றோல் ஊற்றும்போது மெஷின் ஆறியிருக்க வேண்டும், பீடி வாயில் இருக்கக்கூடாது, ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யவும் கூடாது. பத்தடி தள்ளிப் போய் நிலத்தில் வைத்து, பின்கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுங்கள். கையில் தூக்கிப் பிடித்து உதறி ஸ்டார்ட் செய்வது படத்தில் பார்க்க நன்றாக இருக்கும்.

சங்கிலிக்கு வேறு ஒயில், வேறு டாங்கி. கராஜில் இறக்கிய கழிவு ஒயிலை அதில் ஊற்றுவது ஊர் வழக்கமாகிவிட்டது. அதில் இரும்புத் தூள் இருக்கிறது, பாரையும் பம்பையும் தின்றுவிடும். கையிலும் முகத்திலும் தெறிப்பது தோலுக்குக் கேடு. அதே ஒயில் படிந்த விறகைத்தான் அம்மா அடுப்பில் வைத்து ஊதப் போகிறார். பார் ஒயில் கிடைக்காவிட்டால் புது என்ஜின் ஒயிலாவது ஊற்றுங்கள். ஒயில் வருகிறதா என்று பார்க்க, வெட்டுமுன் வாள் முனையைக் காய்ந்த கட்டைக்கு மேலே பிடித்து ஒருமுறை முறுக்குங்கள். கட்டையில் ஒயில் கோடு விழ வேண்டும்.

சங்கிலி மொட்டையாகிவிட்டதென்று எப்படித் தெரியும்? கூரான சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளும். மொட்டைச் சங்கிலி மாவாகத் தள்ளும், புகை வரும், நீங்கள் அழுத்த வேண்டியிருக்கும். அழுத்த வேண்டி வந்தால் நிறுத்துங்கள், அரம் எடுங்கள். வட்ட அரம்தான் வேண்டும், அளவு சங்கிலியைப் பொறுத்தது. வீட்டு மெஷின்களில் அதிகம் வரும் சின்னச் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர், அடுத்த அளவுக்கு 4.8. பல்லின் மேலே சரிவாக ஒரு கோடு போட்டிருக்கும், பெரும்பாலும் 30 பாகை. அந்தக் கோட்டுக்கு நேராக, உள்ளிருந்து வெளியே ஒரே பக்கமாகத் தள்ளுங்கள், திரும்பி இழுக்காதீர்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. கணக்குத் தவறினால் ஒரு பக்கப் பல் குட்டையாகி வாள் வளைந்து வெட்டும். நாலு முறை தீட்டியபின் பல்லுக்கு முன்னால் உள்ள சின்ன மேட்டையும் தட்டை அரத்தால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். அதிகம் தள்ளிவிட்டால் வாள் வெறிபிடித்துக் கடிக்கும், அதிலும் எகிறல் வரும். ஆகவே கொஞ்சமாகவே. கவ்வாத்துக் கத்தி தீட்டத் தெரிந்த கைக்கு இது ஒரு மணித்தியாலப் பாடம்தான். கவ்வாத்து மலையில் இருபது வருடம் நின்ற நம் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துப் பாருங்கள், கடைக்காரரைவிட நன்றாகத் தீட்டுவார்கள்.

சங்கிலியின் இறுக்கம் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது. பாருக்குக் கீழே தொங்கவும் கூடாது, கையால் இழுத்தால் ஓடாத அளவுக்கு இறுகவும் கூடாது. சூட்டில் நீளும், ஆறினால் சுருங்கும். அதனால் வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். பாரின் காடியில் அடைந்த தூளைச் சுரண்டி எடுங்கள், அவ்வப்போது பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டுங்கள், இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். எயார் பில்டரைத் தட்டி, கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

நம் மலைக்கென்று ஒரு விசயம் உண்டு, கொழும்புக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. கீழே டியூன் பண்ணிய மெஷின் மேலே வந்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிப்போகும். கறுப்புப் புகை தள்ளும், பிளக் கரி பிடிக்கும், இழுவை இருக்காது. மெஷின் மோசம் என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். பாஸிடம் கொடுத்து கார்பரேட்டரைச் சரிப்படுத்தினால் போதும். அதைவிட ஆபத்து மறுபுறம். மேலே சரிப்படுத்திய மெஷினைக் கேகாலை, இரத்தினபுரிப் பக்க இறப்பர்த் தோட்டத்து உறவினருக்கு இரவல் கொடுத்தால் அங்கே பெற்றோல் போதாமல் சூடேறிப் பிஸ்டன் எரியும். கீழே கொடுக்குமுன் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

மெஷினைப் பற்றி இவ்வளவு. மரத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் வழக்கு வருவது மரத்தில்தான். தோட்டத்தில் நிற்கும் சவுக்கும் டர்பன்டைனும் நம் தாத்தா நட்டதாகவே இருக்கலாம், சட்டத்தில் அவை நமதில்லை. எழுத்தில் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். "கண்டக்டர் ஐயா வாயால் சொன்னார்" என்பது பொலிஸில் நிற்காது. வீட்டுத் தோட்டத்துப் பலாவையும் ஈரப்பலாவையும்கூட, 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. மெஷின் வாள்களைப் பதிவு செய்யவேண்டும் என்று 2019இல் அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கும். வாங்கிய அன்றே பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய், உங்கள் மெஷினுக்கு என்ன பதிவு வேண்டும் என்று கேட்டு முடித்துவிடுங்கள். பற்றுச்சீட்டு கேட்டோமே, அது இதற்குத்தான். பதிவில்லாத மெஷினோடு வழியில் மறிக்கப்பட்டால் விறகுக் கதை எடுபடாது.

லயத்துக்கு மேலே சரிவில் நிற்கும் மரத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அங்கே மரம் வெட்டியதால்தான் மண் இறங்கியது என்று நாம் சொல்லவில்லை. சரிவு மண்ணை வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

நிற்கும் மரத்தைச் சாய்ப்பது வேறு தொழில். அதற்குப் பழகியவர் வேண்டும். வீட்டு விறகுக்கு விழுந்ததையும், நிர்வாகம் தறித்துவிட்ட கொப்பையும் துண்டு போடுவதோடு நிறுத்துங்கள். சரிவில் எப்போதும் கட்டைக்கு மேற்பக்கம் நில்லுங்கள், கீழே நின்றால் உருண்டு வரும். வாள் மூக்கின் மேல் பாகம் எதிலும் படக்கூடாது, எகிறல் அங்கிருந்துதான். தோளுக்கு மேலே தூக்கி வெட்டாதீர்கள். தனியாகப் போகாதீர்கள். சம்பள நாள் மாலையில் மெஷினைத் தொடாதீர்கள், காரணம் எல்லோருக்கும் தெரியும். ஸ்டார்ட் செய்யுமுன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். குளவிக் கூடு இருந்தால் அந்த இடத்தில் அன்று வேலை இல்லை. மெஷின் சத்தமும் அதிர்வும் குளவியைக் கிளப்பிவிடும். நீங்கள் ஓடிவிடுவீர்கள், பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஓட முடியாது. நீளக் காற்சட்டை, சப்பாத்து, கண்ணாடி, காது மூடி இவை கட்டாயம். சங்கிலி பட்டால் நார் சிக்கி வாளை நிறுத்திவிடும் கால் கவசம் கிடைக்கிறது. பத்து வீடு சேர்ந்தால் அதையும் ஒன்று வாங்கலாம்.

வெட்டியதை அன்றே அடுப்பில் வைக்காதீர்கள். பச்சை மரத்தில் பாதி தண்ணீர். அது புகைந்தே தீரும், அந்தப் புகை காம்பராவுக்குள் குழந்தையின் நெஞ்சில்தான் போய்ச் சேரும். டர்பன்டைன் கட்டையைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் கோடரி திரும்பி வரும். தை, மாசி வெயிலில் வெட்டிப் பிளந்து கூரைக்குக் கீழ் காற்றோட்டமாக அடுக்கினால், வைகாசியில் மேற்குப் பக்கத் தோட்டங்களில் மழை பிடிக்கும்போது காய்ந்த விறகு கையில் இருக்கும்.

இனி நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு லொறி லொறியாக விறகு வருகிறது. அதை உலர்த்தித் தூளாக்கும் கொழுந்தை எடுத்த பெண்ணின் அடுப்புக்கு ஏன் ஒரு முறை இல்லை? நிழல்மரக் கொப்பு வெட்டும்போதும், பழைய மலையைப் பிடுங்கும்போதும், கொப்பும் கட்டையும் எந்த நாளில், எந்த லயத்துக்கு என்று பெரட்டில் அறிவித்துக் கொடுக்க வேண்டும். நிர்வாகத்தின் மெஷினும் பழகிய ஆளும் மாதத்தில் ஒரு நாள் லயத்துப் பக்கம் வந்து துண்டு போட்டுக் கொடுக்கட்டும். தோட்டத்து வேலைக்குத் தொழிலாளியின் சொந்த மெஷினைக் கொண்டுவரச் சொல்வது இன்றே நிற்க வேண்டும். வேலையின்போது, வேலையின் காரணமாக வரும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மெஷின் யாருடையது என்று காட்டிவிட்டு யாரும் கைகழுவ விடமாட்டோம். வெளியே கூலிக்குப் போகும் தம்பிமார், யார் அழைத்தார், எந்த நாள், என்ன கூலி, கூட இருந்தவர் யார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அந்தப் பிள்ளையிடம் அப்படி ஒரு வரிகூட இல்லை. அவனுடைய வழக்கை நாம் இப்போது சாட்சி தேடித்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

லயத்துக்கு ஒரு மெஷின் வாங்க விரும்பும் தோட்டக் கமிட்டிகள் மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதுங்கள். சீட்டு எப்படிப் போடுவது, யார் பொறுப்பில் வைப்பது, யார் ஓட்டுவது என்பதற்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதித் தருகிறோம். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு மொட்டைச் சங்கிலி வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அரமும், தீட்டத் தெரிந்த ஒரு கவ்வாத்துப் பெரியவரும் இருப்பார்கள். சாரம் கட்டி வருகிறவர்கள் தீட்டுவதைப் பார்க்கலாம், மெஷின் கையில் தரமாட்டோம்.